சிறிய கிராமப்புற மருத்துவமனை: நோயாளி எந்த இடத்தில் தவிக்கிறார்?

ஓபி_மேசை (இழையைத் தொடங்கியவர்)

இருபது முப்பது படுக்கை, பகலில் ஒன்றிரண்டு மருத்துவர், இரவில் வார்டுக்கு ஒரு செவிலியர். இப்படிப்பட்ட மருத்துவமனையைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஸ்கேன் இல்லை, சிறப்பு மருத்துவர் இல்லை, ரத்த வங்கி இல்லை என்று இல்லாதவற்றின் பட்டியல்தான் நீள்கிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இருப்பதைக் கொண்டு நடக்கிற வேலையிலேயே நோயாளி தவிக்கும் இடங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் அவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அவர் மாறும் இடங்கள்: சீட்டு மேசையிலிருந்து மருத்துவர் அறைக்கு, வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு, இங்கிருந்து ஆம்புலன்ஸுக்கு, மருந்து ஜன்னலிலிருந்து வீட்டுக்கு.

அவரவர் இடத்தில் எது பிசகுகிறது, ஏன் பிசகுகிறது, எப்படிச் சரிசெய்யலாம் என்று எழுதுங்கள். அளவு, நேரம், படி எல்லாம் சேர்த்து.

நான் வாசலிலிருந்து தொடங்குகிறேன். வந்த வரிசைப்படி டோக்கன் கொடுப்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ரொம்ப முடியாமல் வருபவர் பெரும்பாலும் கடைசியில்தான் வந்து சேர்வார், ஏனென்றால் அவரைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. நாற்பதாவது டோக்கனை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாகச் சாய்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அதனால் சீட்டு எழுதும் ஆள் பெயரைக் கேட்பதற்கு முன் முகத்தைப் பார்க்கப் பழக வேண்டும். மூச்சு வாங்குகிறதா, வியர்த்துக் கொட்டுகிறதா, பேச்சு குழறுகிறதா, ரத்தம் வடிகிறதா, வலிப்பு வந்ததா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா, கர்ப்பிணிக்குக் கடும் தலைவலியோ கண் மங்கலோ இருக்கிறதா. ஒன்று இருந்தாலும் சீட்டு பிறகு, ஆள் முதலில் உள்ளே. இதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒரு கட்டும், ஒட்டுவதற்கு அதிகாரமும் இருந்தால் போதும். அந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுக்காவிட்டால் "வரிசையில வாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும்.

---

குழந்தை_வார்டு

சார் சொன்னது குழந்தைகளுக்கு இன்னும் பொருந்தும். வீறிட்டு அழும் குழந்தையைத்தான் எல்லோரும் முதலில் உள்ளே விடுகிறார்கள். அழ வலு உள்ள குழந்தை கொஞ்ச நேரம் தாங்கும். தோளில் துவண்டு கிடப்பதுதான் ஆபத்து.

வாசலிலேயே செய்யக்கூடியவை: கூப்பிட்டாலோ லேசாகத் தட்டினாலோ விழிக்கிறதா, கை ஜில்லென்று இருக்கிறதா என்று பாருங்கள். கை ஜில்லென்றிருந்தால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் சிவக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். பேதியோடு வந்த குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் 2 விநாடிக்கு மேல் மடிப்பு நிற்கிறது, கண் குழிந்திருக்கிறது, துவண்டும் இருக்கிறது என்றால் காத்திருப்புப் பெஞ்சுக்கு அனுப்பக் கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசு எந்தக் காரணத்துக்காக வந்தாலும் முன்னுரிமைதான்.

மூச்சு எண்ணுவதில்தான் பெரிய பிசகு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறார்கள். சிசுவின் மூச்சு சீராக இருக்காது, நடுவில் சில விநாடி நின்று நின்று வரும். முழு 60 விநாடி எண்ண வேண்டும், குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்து. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. அழும்போது எண்ணிய எண் எதற்கும் உதவாது. தாய் பால் கொடுத்து அமைதிப்படுத்திய பிறகு எண்ணுங்கள்.

---

இரவுப்பணி

ஒரு சந்தேகம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது, ஆனால் நோயாளி மூச்சுத் திணறுகிறார். எதை நம்புவது?

---

கருவி_பராமரிப்பு

நோயாளியை நம்புங்கள். ஆக்சிமீட்டரில் இரண்டு எண் வரும். சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கும் சதவீதத்தை, படிப்பதற்கு முன் நாடித் துடிப்பைப் பாருங்கள். மணிக்கட்டில் கைவைத்து எண்ணினால் வருவதும் திரையில் வருவதும் ஒத்துப்போகாவிட்டால் சாச்சுரேஷன் எண்ணுக்கு மதிப்பில்லை. குளிர்ந்த விரல், நகப் பூச்சு, நடுக்கம், சிசுவின் விரலில் மாட்டிய பெரியவர் கிளிப் இவையெல்லாம் பொய் எண் தரும். கருத்த தோலில் கருவி சற்றுக் கூட்டியே காட்டலாம். புகையில் சிக்கி வந்தவருக்கு கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தால் 98 என்றே காட்டலாம், உள்ளே போதிய ஆக்சிஜன் இருக்காது. சாச்சுரேஷன் நன்றாக இருந்தும் நிமிடத்துக்கு 36 தடவை மூச்சு விடுகிறார் என்றால் அந்த எண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அவருடைய உழைப்புதான். அவர் களைத்ததும் அது சரியும்.

இனி சிலிண்டர். "இன்னும் பாதி இருக்கு" என்று சொல்வதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். கணக்கு எளிது. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, மீட்டர் காட்டும் அழுத்தத்தை பாரில் எடுத்துப் பெருக்கினால் உள்ளே இருக்கும் வாயுவின் லிட்டர் கிடைக்கும். 10 லிட்டர் சிலிண்டர் 150 பார் காட்டினால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 300 நிமிடம். அதே சிலிண்டர் 50 பாருக்கு இறங்கிவிட்டால் 100 நிமிடம்தான். மீட்டர் பிஎஸ்ஐயில் இருந்தால் 14.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் அனுப்பும்போது பயண நேரத்துக்கு இரண்டு மடங்கு கணக்கிடுவது நல்லது. வழியில் வண்டி நிற்கலாம், போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கவும் நேரமாகும்.

கான்சென்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) இருந்தால் சிலிண்டர் தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. மின்சாரம் போன நொடியில் அது நின்றுவிடும். பக்கத்திலேயே சாவி மாட்டிய சிலிண்டர் நிற்க வேண்டும். கான்சென்ட்ரேட்டரைச் சுவரை ஒட்டித் தள்ளி வைக்கிறார்கள். குறைந்தது ஒரு அடி இடைவெளி இல்லாவிட்டால் சூடாகி, தூய்மை குறையும். பின்பக்க ஸ்பாஞ்சு வடிகட்டியை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டக் கூடாது.

வார்டில் அடிக்கடி பார்ப்பது இது: மீட்டரில் பந்து 5இல் நிற்கிறது, ஈரப்பத பாட்டிலில் குமிழி வரவில்லை. மூடி சரியாகத் திருகவில்லை, காற்று அங்கேயே கசிகிறது என்று அர்த்தம். நோயாளி வெறும் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பார். மூக்குக் குழாயின் நுனியை ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் காட்டுங்கள். குமிழி வந்தால் வருகிறது, வராவிட்டால் பின்னோக்கி ஒவ்வொரு இணைப்பாகத் தேடுங்கள். நுனியைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பந்தின் அளவைப் படிப்பது அதன் நடுக்கோட்டில், மேல் விளிம்பில் அல்ல. வால்வில் எண்ணெயோ கிரீஸோ ஒருபோதும் படக் கூடாது, அழுத்தமான ஆக்சிஜனில் அது தீப்பற்றும்.

---

ஆய்வகம்

எங்கள் பக்கம் வரும் குறைகளில் முதலாவது பெயர் எழுதாத குழாய். நான்கு பேருக்கு ரத்தம் எடுத்து, குழாய்களைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து, மேசையில் உட்கார்ந்து பெயர் ஒட்டுகிறார்கள். ரத்தப் பிரிவு மாறுவது அங்கேதான். குழாயில் பெயர் எழுதுவது நோயாளியின் பக்கத்தில், அவர் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு. "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள்.

சிரிஞ்சால் வேகமாக இழுத்து, ஊசியோடு குழாயில் பீய்ச்சினால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும். சர்க்கரைக்கு எடுத்த ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டால் அணுக்களே சர்க்கரையைத் தின்று அளவு குறையும். அதற்குத்தான் ஃப்ளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்ட ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தவுடன் எட்டு பத்து தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. நுண்ணிய கட்டி ஒன்று இருந்தாலே தட்டணு எண்ணிக்கை குறைந்து காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு காய்ச்சல்காரரை அலைய விடுகிறார்கள்.

பாம்புக்கடிக்குச் செய்யும் 20 நிமிட உறைதல் சோதனைக்கு வருகிறேன். எந்திரம் எதுவும் வேண்டாம், கிராமப்புறத்தில் இதைவிட உபயோகமான சோதனை குறைவு. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. சிரை ரத்தம். அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் கட்டி அடியில் நிற்கும். தண்ணீராக ஓடினால் விஷம் உறைதலைக் கெடுத்திருக்கிறது.

---

இரவுப்பணி

கண்ணாடிக் குழாய் தீர்ந்துவிட்டால் பிளாஸ்டிக் குழாய் போதாதா? கழுவி வைத்த பழைய குழாய் சில இருக்கும், அதுவாவது?

---

ஆய்வகம்

இரண்டும் கூடாது சிஸ்டர். கண்ணாடிச் சுவர் பட்டதால்தான் உறைதல் தூண்டப்படுகிறது. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். சோப்பால் கழுவிய குழாயிலும் அப்படியே. இரண்டிலும் விஷம் ஏறாதவருக்கு விஷம் ஏறியதாகத் தெரியலாம், தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து போகும். சந்தேகம் இருந்தால் கடிபடாத ஒருவரின் ரத்தத்தை அதே வகைக் குழாயில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: நேரத்தைச் சுவர்க் கடிகாரம் பார்த்து மனதில் வைக்காதீர்கள், குழாயிலேயே எழுதி ஒட்டுங்கள். இரவில் வேறு நோயாளி வந்தால் 20 நிமிடம் 12ஆகவும் ஆகும், 50ஆகவும் ஆகும். முதல் சோதனையில் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பவும் கூடாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நரம்பைத் தாக்கும் பாம்பில் ரத்தம் நன்றாகவே உறையும், இமை சரிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

---

மருந்து_ஜன்னல்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொடியாக வரும் விஷமுறிவு மருந்தைக் கரைக்கும்போது குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும். மெல்லச் சுழற்ற வேண்டும், பொறுமை வேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே, ஏனென்றால் பாம்பு செலுத்திய விஷம் ஒன்றே. "குழந்தைதானே" என்று பாதி போடுவது பெரிய தவறு. மருந்து ஏற்றத் தொடங்கும் முன், கடும் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் சிரிஞ்சில் இழுத்துத் தயாராக இருக்க வேண்டும், பெரியவருக்குத் தசையில் 0.5 மி.கி.

---

பிரசவ_அறை

எங்கள் இடத்தில் பிசகுவது குளிர்சாதனப் பெட்டியில். பிரசவத்துக்குப் பின் கருப்பையை இறுக்கும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. காலையில் பெட்டியிலிருந்து எடுத்து டிரேயில் வைத்தால் மாலை வரை அறை வெப்பத்தில் கிடக்கும், மிச்சத்தைத் திரும்பப் பெட்டியில் வைப்பார்கள். நிறம் மாறாது, குணம் குறையும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் தசையில் போட்டும் கருப்பை இறுகவில்லை என்றால், மருந்தின் வரலாற்றையும் சந்தேகப்படுங்கள். தேவைப்படும்போது ஒன்றிரண்டு ஆம்பூல் மட்டும் வெளியே வரட்டும். பெட்டியின் கதவுப் பக்கம் வைக்காதீர்கள்.

ரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகவே தோன்றும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். அளவுகோடு போட்ட பை இருந்தால் அடியில் விரியுங்கள், இல்லையென்றால் துணிகளை எடைபோடுங்கள். உலர்ந்த எடையைவிட ஒரு கிராம் கூடுதல் கிட்டத்தட்ட ஒரு மி.லி. ரத்தம். போக்கு மிகுந்தால் அதை அடக்க டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் 10 நிமிடத்தில் சிரையில், பிறந்து 3 மணி நேரத்துக்குள். அந்த 3 மணி நேரத்துக்குள்ளேயே ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சரிந்துகொண்டே போகிறது. "அங்கே போய்ப் போட்டுக்கட்டும்" என்று அனுப்பும் மருந்தல்ல இது.

வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட்டும் அப்படித்தான். 50 சதவீத ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம் இருக்கும். 8 மி.லி.யோடு 12 மி.லி. ஊசித் தண்ணீர் சேர்த்தால் 20 சதவீதத்தில் 4 கிராம், அதைச் சிரையில் மெதுவாக. பிறகு இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழ ஊசி. மொத்தம் 14 ஆம்பூல். பெட்டியில் 14 இருக்கிறதா என்று வாரம் ஒரு முறை எண்ணுங்கள், பாதி ராத்திரியில் பத்து இருந்து பயனில்லை. அதே பெட்டியில், மெக்னீசியம் மிகுந்துவிட்டால் அதை முறிக்க, 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. இருக்க வேண்டும். மெக்னீசியத்தின் அடுத்த டோஸுக்கு முன், தட்டினால் முழங்கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.யாவது வருகிறதா. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த டோஸ் நிற்க வேண்டும்.

---

அவசரப்_பிரிவு

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. சிறிய இடத்தில் நிறையச் செய்யப் போய்த்தான் நேரம் போகிறது. முதலில் அனுப்பிவிட வேண்டும். பெரிய மருத்துவமனையில் செய்ய வேண்டியதை இங்கே அரைகுறையாகச் செய்வதால் யாருக்கு லாபம்?

---

ஆம்புலன்ஸ்_பணி

டாக்டர், எந்த நோயாளி என்பதைப் பொறுத்து இரண்டும் சரி. தலைக்காயத்தில் சுயநினைவு குறைந்துகொண்டே போகிறவருக்கோ வயிற்றுக்குள் ரத்தம் கசிபவருக்கோ இங்கே செலவிடும் நிமிடம் வீண்தான். மூச்சுப்பாதை, ஆக்சிஜன், சிரை வழி, கிளம்பு. பக்கவாதமும் அப்படியே. அங்கே கரைப்பு மருந்துக்கு (ரத்தக்கட்டியைக் கரைப்பது) வழக்கமான எல்லை நாலரை மணி நேரம், அது கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்து ஓடுகிறது, கண்டுபிடித்த நேரத்திலிருந்து அல்ல. இந்த ஒரு நேரத்தைக் கடிதத்தில் எழுதி, பார்த்தவரையே வண்டியில் ஏற்றிவிடுங்கள். சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்புங்கள், ஏனென்றால் தாழ்சர்க்கரையும் பக்கவாதம் போலவே நடிக்கும். வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஆனால் நெஞ்சுவலி வேறு. வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி, சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க. இசிஜியில் அடைப்பு தெளிவாகத் தெரிந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்தில் 120 நிமிடத்துக்குள் அடைபட்ட ரத்தக்குழாயைத் திறக்க முடியாதென்றால், தடை ஏதும் இல்லாதவருக்குக் கரைப்பு மருந்தை இங்கேயே கொடுத்துவிட்டு அனுப்புவதுதான் இதயத் தசையைக் காக்கும். கர்ப்பிணியின் வலிப்புக்கு மெக்னீசியம், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி குடித்தவருக்கு அட்ரோபின் இரண்டும் அதே வகை. பாதையில் போட முடியாதவை. அட்ரோபினை 1 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டித்து, நெஞ்சில் நீர்ச்சத்தம் நின்ற பிறகு அனுப்புங்கள். கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்தினால் வழியில் நுரையீரல் நிரம்பும். துணிகளைக் கழற்றி, உடம்பைக் கழுவி அனுப்புங்கள், மூடிய வண்டிக்குள் எங்களுக்கும் அது ஏறும்.

பரிந்துரைக் கடிதத்தில் "மேல் சிகிச்சைக்காக" என்ற ஒற்றை வரி எங்களுக்கும் உதவாது, அங்கிருப்பவருக்கும் உதவாது. வந்த நேரம், அப்போதைய நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, சாச்சுரேஷன், நினைவு நிலை. கொடுத்த ஒவ்வொரு மருந்தும் அளவு, நேரத்தோடு. கிளம்பும்போது இதே எண்கள் மறுபடி. அங்கே போனில் யாரிடம் பேசினீர்கள் என்ற பெயர். மெக்னீசியம் போட்டதை எழுதாமல் விட்டதால் அங்கே முதல் டோஸை மறுபடி போட்டால் மூச்சே நிற்கலாம். வார்த்தை நன்றாக இருக்க வேண்டாம், நேரம் சரியாக இருக்கட்டும்.

---

அவசரப்_பிரிவு

நெஞ்சுவலியில் நீங்கள் சொன்ன 120 நிமிடக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் இங்கே செய்துவிட்டு அனுப்ப வேண்டியவை எவை, உடனே அனுப்ப வேண்டியவை எவை என்று இரண்டு பட்டியல் சுவரில் இருக்க வேண்டும். பணியில் இருப்பவர் புதியவராக இருந்தாலும் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இசிஜி எடுப்பவர்களுக்கு ஒன்று: இசிஜி தாளில் முதல் லீட் என்ற பதிவு தலைகீழாகவும் ஏவிஆர் என்ற பதிவு நிமிர்ந்தும் வந்தால், நோய் என்று முடிவு கட்டும் முன் வலது இடது கை வயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

---

மருந்து_ஜன்னல்

வீட்டுக்குப் போகிறவரிடம் வருவோம். நோயாளியோடு மருத்துவமனை பேசும் கடைசி இடம் இந்த ஜன்னல், அங்கே கிடைப்பது அரை நிமிடம்.

குழந்தைகளின் பாராசிட்டமாலில் நடக்கும் குழப்பம் மிக ஆபத்தானது. சொட்டு மருந்தில் பொதுவாக 1 மி.லி.க்கு 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 மி.கி., அதாவது 1 மி.லி.க்கு 25 மி.கி. நான்கு மடங்கு வித்தியாசம். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி., இந்தச் சிரப்பில் 6 மி.லி. போன தடவை சிரப் வாங்கியவர் இந்தத் தடவை சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு அதே 6 மி.லி. கொடுத்தால் 600 மி.கி. உள்ளே போகும். 250 மி.கி. சிரப்பும் புழக்கத்தில் இருப்பதால் "ஒரு மூடி" என்று சொல்லவே கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சில் அளவுக்கோட்டைப் பேனாவால் குறித்துக் கையில் கொடுங்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட்டிலும் இதே கதை. ஒரு லிட்டர் பாக்கெட்டும் உண்டு, 200 மி.லி. பாக்கெட்டும் உண்டு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பே வரலாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கூடவே துத்தநாகம், ஆறு மாதத்துக்குள் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுல போய் எப்படிக் கொடுப்பீங்க, சொல்லிக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். பிசகு எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.

---

ஓபி_மேசை

நன்றி எல்லோருக்கும். புகார்ப் பெட்டி பற்றி யாரும் எழுதவில்லை, எழுதாததும் நல்லதுதான். நாளைக்கும் இதே செவிலியரிடம் வர வேண்டியவர் பெட்டியில் சீட்டுப் போட மாட்டார். அதைவிட ஓபி சீட்டின் மூலையில் நான்கு நேரம் எழுதுங்கள்: வந்தது, மருத்துவர் பார்த்தது, ஆய்வக முடிவு வந்தது, மருந்து கைக்கு வந்தது. வாரத்தில் ஒரு நாள் பத்தில் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தால் எந்த இடைவெளி நீள்கிறது என்று தெரியும். பல இடங்களில் நீள்வது மருத்துவருக்கான காத்திருப்பு அல்ல. முடிவு ஆய்வக மேசையில் தயாராகக் கிடக்கும், நோயாளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், கூப்பிட யாருக்கும் பொறுப்பில்லை. வெளியே போகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்கே, என்ன நடக்குதுன்னு தெரியாம உட்கார்ந்திருந்தீங்க?" திருப்தியா என்று கேட்டால் வராத பதில் இதற்கு வரும்.

---

இரவுப்பணி

கருவி சார், ஒன்று விட்டுப்போனது. சிலிண்டர் நிறைந்திருக்கும், திறக்கும் சாவி வேறு அறையில் இருக்கும். இதற்கு என்ன வழி?

---

கருவி_பராமரிப்பு

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிச் சாவி, கழுத்தில் சங்கிலியால் கட்டி. வார்டுக்கு ஒன்று பொதுவாக வைத்தால் தொலையும். காலையும் இரவும் பணி மாறும்போது, வருகிறவரும் போகிறவரும் சேர்ந்து நின்று வால்வைத் திறந்து, அழுத்தத்தைப் பார்த்து, மூடி, ரெகுலேட்டரில் தங்கிய காற்றை வெளியேற்றிவிட்டு அட்டையில் பார் எண்ணை எழுத வேண்டும். வெளியேற்றாமல் விட்டால் முள் பழைய எண்ணிலேயே நிற்கும், அடுத்து வருபவர் சிலிண்டர் திறந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்.

---

இரவுப்பணி

அட்டை இன்றே கட்டிவிடுகிறோம் சார்.